தண்ணீர் நிற்காத தொட்டி

எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுக்க வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது ஜெபம் அல்ல, வேகம். பெயரைக் கூப்பிட்டால் எழுந்து விறுவிறுவென்று வந்துவிட வேண்டும். அழுகை, நன்றி, சாட்சி எல்லாம் தலை துவட்டிய பிறகு. ஏனென்றால் தொட்டியில் தண்ணீர் நிற்காது. காலையில் நாலு மணி நேரம் குழாயைத் திறந்துவிட்டு நெஞ்சளவுக்கு நிரப்புவார்கள். குழாய்ச் சத்தத்தில் பிரசங்கம் காதில் விழாது என்று ஆராதனை தொடங்கும்போது அடைத்துவிடுவார்கள். முதல் ஆள் இறங்கும்போது இடுப்பளவு இருக்கும். மூன்றாவது ஆளுக்கு முழங்கால்தான். பாப்டிஸ்ட் சபையில் தலையில் நாலு சொட்டுத் தெளித்து அனுப்புகிற வழக்கம் கிடையாது. ஆள் முழுதாக உள்ளே போய், முழுதாக வெளியே வர வேண்டும். முழங்கால் தண்ணீரில் ஒரு ஆளை முழுதாக மூழ்க வைக்கப் போதகர் படுகிற பாட்டைப் பார்த்தால், சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வரும். "அவசரத் தொட்டி" என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

எனக்கு மட்டும் சிரிப்பு வராது. அந்தத் தொட்டி ஏன் ஒழுகுகிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தக் கட்டடம் எழும்பியபோது நான் அங்கே கையாள். மேஸ்திரி அந்தச் சபையின் ஆள், சபைக் காரியங்களைக் கவனிக்கிற டீக்கன் பொறுப்பில் இருந்தவர். எனக்குச் சபையும் தெரியாது, ஜெபமும் தெரியாது. கூப்பிட்டார், போனேன். என் மனைவி அதே இடத்தில் மண் சுமந்தாள். தொட்டியின் அடித்தளம் போடும் நாளில், தண்ணீர் வெளியேறும் குழாயை மேஸ்திரியே தன் கையால் வைத்து, மட்டம் பார்த்துவிட்டு, சிமெண்ட் போதாது என்று கடைக்குப் போனார். குழாயைச் சுற்றிப் போட்ட கல்லை இடித்து இறுக்கச் சொல்லிவிட்டுப் போனார். திமிசுக் கட்டையைத் தூக்கி இடித்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகச் செய்த கை. கட்டை நழுவிக் குழாயின் இணைப்பில் விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. குனிந்து பார்த்தால், இணைப்பில் என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கீறல்.

புதுக் குழாய் வாங்கி வரச் சொல்லியிருக்கலாம். "டேய் நெட்டை, உன் உயரத்துக்கு மூளை வளரலையே" என்று மேஸ்திரி நாலு வார்த்தை திட்டியிருப்பார், அவ்வளவுதான். நான் அதைச் செய்யவில்லை. சாக்குத் துணியைக் கிழித்து, சிமெண்ட் பாலில் நனைத்து, கீறலைச் சுற்றிக் கட்டி, மேலே கல்லைத் தள்ளி மூடிவிட்டேன். மேஸ்திரி திரும்பி வந்து "முடிஞ்சுதா?" என்றார். முடிந்தது என்றேன். அன்று மாலையே அதன் மேல் கான்கிரீட் விழுந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். கான்கிரீட்டில் மறைக்கலாம்.

சாக்கு ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. அதற்குள் என் மனைவி, மண் சுமந்த இடத்திலேயே பாட்டுக் கேட்டு, ஜெபத்துக்கு உட்கார்ந்து, சபையில் சேர முடிவு செய்திருந்தாள். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றுதான் தொட்டி முதன்முதலாகக் கைவிட்டது. அவள் நாலாவது ஆள். போதகர் அவளை ஏறக்குறையப் படுக்க வைத்துத்தான் மூழ்க வைத்தார். முழங்கை தரையில் இடித்து ஒரு மாதம் வீங்கிக் கிடந்தது. பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும், அது அந்தச் சாக்கு என்று தெரிந்தது.

பிறகு மேஸ்திரி பட்ட பாடுதான் என்னைத் தின்றது. நாலு தடவை தொட்டிச் சுவரின் ஓடுகளைப் பெயர்த்தார். மருந்து கலந்து மறுபூச்சுப் பூசினார். மூலைகளைச் செதுக்கி அடைத்தார். குழாயின் வாயை அடைத்துவிட்டுத் தண்ணீர் பிடித்துப் பார்த்திருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். ஆனால் தன் கையால் வைத்ததை யார் சந்தேகப்படுவார்? மூன்றாம் வருடம், சபைக் கூட்டத்தில் எழுந்து, டீக்கன் பொறுப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தான் கட்டிய தொட்டியிலேயே தண்ணீர் நிற்கவில்லை, தான் மட்டும் எந்தப் பொறுப்பில் நிற்பது என்றாராம். என் மனைவிதான் வந்து சொன்னாள். நான் ஓடு அறுக்கிற இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். விட்ட எண்ணெய் வழிந்து ஓடியதுகூடத் தெரியவில்லை.

அப்போது நான் மேஸ்திரியை விட்டு வந்து, சொந்தமாக ஓடு பதிக்கும் வேலை செய்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கொண்டுவந்து விடப் போய், வெளியே நின்று, பிறகு வெயிலுக்கு உள்ளே உட்கார்ந்து, அப்படியே கேட்க ஆரம்பித்தேன். சபையின் பின் அறையில் நர்ஸம்மா எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சபைக்குச் செயலாளராக இருந்தவர். என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர், நாற்பது வருடம் மூத்தவர் மாதிரி அதட்டுவார். அங்கேதான் வாசிக்கக் கற்றேன். வாசிக்க வந்த பிறகு, கேட்டதை வேதப்புத்தகத்தில் நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன். நம்பிக்கை வந்தது. எந்த நாள் என்று சொல்லத் தெரியாது. பூச்சு இறுகுகிற மாதிரி வந்தது.

மாதத்தில் ஒரு ஞாயிறு திருவிருந்து. அப்பத் தட்டு வரிசையாக வரும். உறுப்பினர் மட்டுமே எடுக்கலாம். மனைவி எடுத்துக்கொண்டு தட்டை என்னிடம் தருவாள். நான் அதை அடுத்த ஆளிடம் தருவேன். மூன்று வருடம் தட்டு கைமாற்றுகிற வேலை பார்த்தேன். முப்பது வருடம் செங்கல் கைமாற்றியவன்தான், ஆனால் அந்தத் தட்டு கனத்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தும் வேறு வீட்டு ஆள் மாதிரி இருந்தது. சேர வேண்டும் என்று போதகரிடம் கேட்டுவிட்டேன்.

எங்கள் சபையில் போதகர் நினைத்தால் ஒருவரைச் சேர்த்துவிட முடியாது. முதலில் இரண்டு உறுப்பினர்களை வீட்டுக்கு அனுப்பி விசாரிப்பார்கள். அவர்கள் சபைக் கூட்டத்தில் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும். பிறகு சேருகிறவர் எல்லோர் முன்னும் எழுந்து தான் விசுவாசத்துக்கு வந்த கதையைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். அதன்பின் அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கை தூக்கச் சொல்வார்கள். ஒரு கை எழும்பாவிட்டாலும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைப்பார்கள். எழும்பாத கையோடு பேசித் தீர்த்த பிறகுதான் மறுபடி கேட்பார்கள்.

என்னை விசாரிக்க அனுப்பிய இரண்டு பேர் நர்ஸம்மாவும் மேஸ்திரியும்.

மேஸ்திரி வீட்டுக்குள் வரும்போதே நிலைக்கதவைத் தட்டிப் பார்த்து, மட்டம் சரியில்லை என்றார். நர்ஸம்மா தாளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் தெரிந்தவரை சொன்னேன். மேஸ்திரி எதுவும் கேட்கவில்லை. இவனிடம் கேட்க என்ன இருக்கிறது, என்னிடம் வேலை பார்த்த பயல், வேலையில் ஒளிவு மறைவு தெரியாதவன் என்று நர்ஸம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிக் கேள்வி ஒன்று இருந்தது. நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"யார்கிட்டயாவது தப்ப ஒத்துக்கிட்டு ஒப்புரவாக வேண்டியது பாக்கி இருக்கா?"

மேஸ்திரி என் எதிரில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். முப்பது வருடத்தில் என் குரல் எப்போது எங்கே இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். அன்று கேட்கவில்லை. கூட்டத்து ஞாயிற்றுக்கிழமை காலை, என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"மேஸ்திரி அண்ணனுக்கும் உனக்கும் என்ன?"

சொன்னேன். கட்டை நழுவியதிலிருந்து சாக்கு வரைக்கும். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். தன் முழங்கையைத் தடவிக்கொண்டாள்.

"அப்போ இது உன் வேலைதானா. ஒரு மாசம் எண்ணெய் தேச்சுவிட்டியே, பாசம்னு நெனச்சேன்."

"பாசமும்தான்."

"மேஸ்திரி கை தூக்க மாட்டாரு. தெரியும்ல?"

தெரியும் என்றேன். சொல்லாமல் இருந்துவிட்டால் இன்றைக்கே முடிந்துவிடும், அடுத்த மாதம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று மெதுவாக இழுத்தேன். அவள் சட்டையை என் மேல் போட்டாள்.

"மூடி வச்சுட்டு வந்து என் பக்கத்துல உக்காராத. பின்வரிசையே இரு."

கூட்டம் ஆராதனை முடிந்த கையோடு நடந்தது. உறுப்பினர்கள் நாற்பத்து மூன்று பேர். நர்ஸம்மா என் விஷயத்தை வாசித்தார். பிறகு மேஸ்திரி எழுந்தார். பேச்சு வராத மனுஷர். தொண்டையைச் செருமிக்கொண்டு, இவனைப் பத்து வருடமாகத் தெரியும், கை சுத்தம், வாய் சுத்தம், ஒரு கல்லை வைத்தால் நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கல்லை எடுப்பான் என்று சொல்லி உட்கார்ந்தார். அவர் புகழ்ந்த ஒவ்வொரு சொல்லும் திமிசுக் கட்டையாக விழுந்தது. போதகர் என்னை எழும்பச் சொன்னார்.

ஒரு வாரமாகத் தயார் செய்த சாட்சி இருந்தது. தாளில் எழுதிவைத்திருந்தேன். எடுக்கவில்லை. போதகரைப் பார்த்துப் பேசினால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்து, மேஸ்திரியைப் பார்த்தே சொன்னேன்.

"தொட்டிய ஓட்டை பண்ணது நான்தான் மேஸ்திரி. நீங்க சிமெண்ட் வாங்கப் போனப்ப குழாய்ல கட்டை விழுந்து கீறிடுச்சு. சாக்கு சுத்தி மூடிட்டேன். முடிஞ்சுதான்னு கேட்டீங்க. முடிஞ்சுதுன்னேன். போன வாரமும் ஒண்ணும் இல்லன்னு உங்க முன்னாடியே பொய் சொன்னேன்."

போதகர் என்னைப் பின் அறையில் உட்காரச் சொன்னார்.

அந்த அறையில்தான் ஞானஸ்நான வெள்ளை அங்கிகள் தொங்கும். எல்லாம் சாதாரண ஆளுக்குத் தைத்தவை. எனக்கென்று ஒன்றை மட்டும் கீழே துணி வைத்து ஒட்டுப் போட்டு நீட்டியிருந்தார்கள். எனக்குத் தெரியாமல் யாரோ உட்கார்ந்து தைத்திருக்கிறார்கள். அந்த ஒட்டுத் துணியைத் தொட்டுப் பார்த்தேன். இனி அதை யார் போடுவார்கள், அந்த நீளத்துக்கு இன்னொரு மடையன் கிடைக்க வேண்டுமே என்று நினைத்தேன். இருந்தும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, பசித்தது. ஆறு வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் எனக்குப் பசித்ததே இல்லை.

கதவைத் திறந்துகொண்டு வந்தது போதகர் அல்ல, மேஸ்திரி. கையில் உளி, சுத்தியல். வண்டிப் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருக்கிறார். முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எந்திரி. எந்த இடம்?"

பிறகுதான் தெரிந்தது. போதகர் கை தூக்கச் சொன்னபோது மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி தூக்கியிருக்கிறார்கள். மேஸ்திரி தூக்கவில்லை. எதிராகவா என்று போதகர் கேட்டதற்கு, எதிராகவும் இல்லை, சாதகமாகவும் இல்லை, முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தன்பாட்டுக்கு வெளியே நடந்திருக்கிறார்.

நானும் அவரும் காய்ந்த தொட்டிக்குள் இறங்கினோம். சபை முழுவதும் எழுந்து வந்து விளிம்பைச் சுற்றி நின்றது. குழாய் வாயிலிருந்து ஒன்றரைச் சாண் தள்ளி ஒரு ஓடு பதித்த இடத்தைக் காட்டினேன். உளியை வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. தானே உட்கார்ந்து உடைத்தார். ஓடு போனது. கான்கிரீட் வந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு பேச்சு. எல்லோருக்கும் கேட்கும்படியாகவே பேசினார்.

"நாலு தடவை சுவத்த உரிச்சேன்டா."

"ஆமா மேஸ்திரி."

"வயசாயிடுச்சு, கரண்டிய கீழ போடுன்னு என் பொண்டாட்டி சொன்னா."

"தப்புதான் மேஸ்திரி."

"போன வாரம் உன் வீட்டுத் தண்ணியக் குடிச்சேன்."

உடைந்த சில்லுகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டேன். இடம் தவறியிருக்குமோ என்று வேறு பயம் வந்தது. ஆறு வருடத்துக்கு முந்தைய நினைவு. அங்கே எதுவும் இல்லாவிட்டால் நான் சொன்னதுகூடப் பொய்யாகிவிடும். ஒரு சாண் ஆழத்தில் கல் வந்தது. கையால் அள்ளிப் போட்டோம். ஈரம் தட்டியது. பிறகு, கறுத்துப்போய், நாற்றமெடுத்து, நூல் நூலாக, என் சாக்கு.

மேஸ்திரி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். கீறலில் விரலை வைத்துத் தடவினார். பின்னால் சாய்ந்து சுவரில் முதுகை வைத்து, கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க.

"திறப்பு விழாத் தேதி குறிச்சாச்சுன்னு அவசரப்படுத்தினாங்க. பத்து நாள் தண்ணி ஊத்தி ஈரம் காட்ட வேண்டிய தளத்த நாலு நாள்ல விட்டுட்டேன்" என்றார், என்னிடம் அல்ல, மேலே நின்றவர்களிடம். "அதுதான் வெடிச்சுப் போச்சுன்னு நெனச்சேன். யாருகிட்டயும் சொல்லல. சொல்ல வெக்கம், தளத்த உடைக்காம சுவத்தையே உரிச்சேன். அதுக்குத்தான் பொறுப்ப விட்டேன். அஞ்சு வருசமா நான்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்." மறுபடி அந்தச் சாக்கைப் பார்த்தார். "தளம் ஒரு மயிரிழைகூட வெடிக்கல, பாத்தீங்களா?"

போதகர் விளிம்பில் குந்தி உட்கார்ந்து, இப்போது கேட்கலாமா என்று மெதுவாகக் கேட்டார். மேஸ்திரி மூக்கைத் துடைத்துக்கொண்டு, முறைப்படி அவன் வெளியே போக வேண்டுமே என்றார். நான் ஏறப் பார்த்தேன். கீறல் விழுந்த குழாயை என் கை தாங்கியிருந்தது, விட்டால் கல் சரியும்.

"தொட்டிக்குள்ள இருக்கிறவன் இன்னும் சபைக்கு வெளியதான்" என்றார் நர்ஸம்மா. "கேளுங்க பாஸ்டர்."

கேட்டார். மேலே கைகள் எழும்பின. நான் பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தவரின் கை எழும்பியது மட்டும் நிழலில் தெரிந்தது. கையில் சுத்தியல் இருந்தது. அதை இறக்கி வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நர்ஸம்மா உரக்க எண்ணி, நாற்பத்து மூன்று என்று முடித்தார். எனக்குத் தோளிலிருந்து இரண்டு மூட்டை இறங்கியது போல இருந்தது. மனைவி மேலேயிருந்து ஒரு துண்டைப் போட்டாள். முகத்தைத் துடைத்துக்கொள்ளத்தான். எங்கே ஈரம் என்று அவள் கேட்கவில்லை.

குழாயை மாற்றும் வேலையில் மேஸ்திரி என்னைக் கையாளாகவே வைத்துக்கொண்டார். புது இணைப்பை வைத்து முடித்ததும் என்னையே தடவிப் பார்க்கச் சொன்னார், ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. எனக்குக் கோபம் வரவில்லை. தளத்துக்கு முழுசாகப் பத்து நாள் ஈரம் காட்டினோம். வேலைக்குப் போகும் வழியில் காலையில் நான் தண்ணீர் ஊற்றுவேன், மாலையில் அவர். பதினோராம் நாள் நிரப்பினோம். சுவரில் பென்சிலால் கோடு போட்டார். மறுநாள் விடிந்து பார்த்தால் தண்ணீர் அதே கோட்டில் நின்றது. இரண்டு பேரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நின்ற தண்ணீரை அப்படிப் பார்த்தவர்கள் உலகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. நெஞ்சளவுத் தண்ணீரில் நடந்து போனேன். போதகர் கேட்டார், விசுவாசிக்கிறேன் என்றேன். என் முதுகில் கை வைத்துச் சாய்த்தார். உள்ளே போனதும் காது அடைத்து, சத்தமெல்லாம் நின்றது. எழும்பினால் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். துவட்டிக்கொண்டு வந்ததும் போதகர் எல்லோர் முன்னிலும் வலது கையைக் கொடுத்து உறுப்பினராக ஏற்றுக்கொண்டார். திருவிருந்தும் அன்றைக்கே. மனைவி தட்டை நீட்டினாள். நான் எடுத்துக்கொண்டேன். "மெதுவா மெல்லு" என்றாள் காதோடு.

பிரச்சினை அதன்பிறகுதான் வந்தது. எல்லோரும் கலையும் நேரத்தில் நர்ஸம்மா தொட்டியை எட்டிப் பார்த்து, இந்தத் தண்ணீர் எப்போது போகும் என்று கேட்டார். வழக்கமாகச் சாயங்காலத்துக்குள் தானே போய்விடுமே என்றார் போதகர். சொன்ன பிறகு அவருக்கே உறைத்தது. எல்லோரும் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்கள்.

தண்ணீரைத் திறந்துவிட வெளிச்சுவரோரம் ஒரு வால்வு உண்டு. தொட்டி ஒழுக ஆரம்பித்ததிலிருந்து அதற்கு வேலையே இருந்ததில்லை. புல்லை விலக்கி, மூடியைப் பெயர்த்து, மேஸ்திரி உள்ளே கை விட்டுத் திருகினார். நான் திருகினேன். இரண்டு பேரும் சேர்ந்து திருகினோம். கைப்பிடி துருவாக உதிர்ந்து என் உள்ளங்கையில் வந்தது. இரண்டு கொத்தனார்கள், பதினொரு நாள், ஒருவருக்காவது அதைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

மேஸ்திரி என் கையிலிருந்த துருவைப் பார்த்தார். நர்ஸம்மா பக்கம் திரும்பி, "இத இப்பவே சொல்லிடுறோம்மா. நாங்க ரெண்டு பேரும்தான்" என்றார்.

சமையலறையிலிருந்து வாளிகள் வந்தன. நர்ஸம்மா வரிசை பிடிக்கச் சொன்னார். போதகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி முகந்து கொடுத்தார். எனக்கு ஒரு பக்கம் மனைவி, மறு பக்கம் மேஸ்திரி. காலையில் போட்ட உலர்ந்த சட்டை பத்து வாளிக்குள் நனைந்துபோனது. வாசலில் ஊற்றிய தண்ணீர் தெருவரைக்கும் ஓடியது. போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"நிக்குதுடா நெட்டை" என்றார் மேஸ்திரி, வாளியை என்னிடம் தள்ளிக்கொண்டே. "சனியன், என்னமா நிக்குது பாரு."